திமிங்கல வேட்டைக் கேப்டன் ஒருவரைப் பழைய பதிவுகளில் தேடிப் பிடிப்பது எப்படி?

அமெரிக்காவின் கிழக்குக் கரையோரம் நான்டக்கெட் என்ற சிறு தீவு இருக்கிறது. பெருநிலத்தில், அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், நியூ பெட்ஃபோர்ட் என்ற துறைமுக ஊர். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் விளக்கு எரிக்கவும் இயந்திரங்களுக்கு இடவும் வேண்டிய திமிங்கல எண்ணெயைத் தேடி இந்த இரண்டு ஊர்களிலிருந்தும் நூற்றுக்கணக்கான கப்பல்கள் போயின. ஒரு பயணம் இரண்டு வருடத்திலும் முடியும், நான்கு வருடமும் இழுக்கும். கப்பலில் பணம் போட்டவர்கள் பலர். மாலுமிகளுக்கோ மாதச் சம்பளம் கிடையாது, கிடைத்த எண்ணெயில் பங்குதான். இத்தனை பேருக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருந்ததால் ஒவ்வொரு பயணமும் பல இடங்களில் எழுதி வைக்கப்பட்டது.

இந்தத் தேடலில் பதிவு கிடைக்கவில்லை என்று யாரும் திணறுவதில்லை. ஒரே ஆளைப் பற்றி நான்கு பதிவு கிடைக்கும், நான்கும் நான்கு விதமாகச் சொல்லும். அங்கேதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். பெரும்பாலோர் செய்வது, அதிகம் பேர் சொல்வதை எடுத்துக்கொள்வது. அது சரியான வழி இல்லை. ஒவ்வொரு வரியையும் யார் எழுதினார், எப்போது எழுதினார், எதைப் பார்த்து எழுதினார் என்று கேட்டுப் பாருங்கள். முக்கால்வாசி முரண்பாடுகள் தானாகக் கரைந்துவிடும்.

உதாரணத்துக்கு நான்டக்கெட்டைச் சேர்ந்த கேப்டன் ஜார்ஜ் போலார்டைக் கூடவே வைத்துக்கொள்வோம். 1791இல் பிறந்தவர். 1819 ஆகஸ்ட் 12 அன்று எசெக்ஸ் என்ற கப்பலுக்குக் கேப்டனாகக் கிளம்பினார். 1820 நவம்பர் 20 அன்று பசிபிக்கின் நடுவே ஒரு ஸ்பெர்ம் திமிங்கலம் முட்டி அந்தக் கப்பல் மூழ்கியது. இருபது பேர் மூன்று சிறு படகுகளில் ஏறினார்கள், எட்டுப் பேர்தான் பிழைத்தார்கள். அடுத்து அவர் கேப்டனாகப் போன டூ பிரதர்ஸ் கப்பலும் 1823 பிப்ரவரி 11 அன்று ஹவாய்த் தீவுத் தொடரில் உள்ள ஒரு பவளத்திட்டில் மோதி உடைந்தது. அதிர்ஷ்டம் கெட்ட மனிதர்தான். ஆனால் நமக்கு வேண்டியது வேறு: அவரைப் பற்றிப் பல கைகள் பல காலங்களில் எழுதியிருக்கின்றன, பயிற்சிக்கு இதைவிட நல்ல ஆள் கிடைக்கமாட்டார்.

பெயரிலிருந்து தொடங்குங்கள்

நான்டக்கெட்டில் குடும்பப் பெயர்கள் கைவிரலுக்குள் அடங்கிவிடும். காஃபின், ஸ்டார்பக், ஃபோல்ஜர், மேசி, ஹஸ்ஸி, கார்ட்னர், ஸ்வெய்ன், சேஸ், பங்கர். இவர்கள் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள், தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்தார்கள். ஒரே காலத்தில் ஒரே பெயரில் இரண்டு மூன்று கேப்டன்கள் கடலில் இருந்திருக்கலாம்.

நம் போலார்டின் தந்தை பெயரும் ஜார்ஜ் போலார்ட்தான். அதனால் மகனுக்கு ‘ஜூனியர்’ ஒட்டிக்கொண்டது. இந்த ஒட்டுச்சொல்லை அந்தக் காலத்துப் பதிவில் பார்த்ததும் தந்தை மகன் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அப்போதெல்லாம் ஊரில் அதே பெயருள்ள இருவரில் இளையவருக்கு ஜூனியர் என்று போடுவார்கள், உறவு இருக்கவேண்டிய அவசியமில்லை. பெரியவர் இறந்ததும் இளையவருடைய ஜூனியர் உதிர்ந்துவிடுவதும் உண்டு. அதாவது, ஒரே ஆள் பதினைந்து வருட இடைவெளியில் இரண்டு பெயர்களில் வருவார்.

அதனால் தொடக்கத்தில் யாரையும் சேர்க்காதீர்கள். பதிவில் உள்ளது உள்ளபடி ஒவ்வொரு பெயரையும் தனி ஆளாக வைத்துக்கொள்ளுங்கள். வயது, மனைவி பெயர், கப்பல் முதலாளி, சொந்த ஊர் ஆகியவற்றில் இரண்டாவது ஒத்துப்போன பிறகு சேர்க்கலாம். பிரித்து வைத்தவர்களைப் பிறகு சேர்ப்பது எளிது. ஒன்றாகக் குழைத்துவிட்டவர்களைப் பிரிப்பது பெரும்பாடு.

பயணப் பட்டியலை எடுங்கள்

அலெக்சாண்டர் ஸ்டார்பக் என்பவர் தொடக்க காலத்திலிருந்து 1876 வரை அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து கிளம்பிய திமிங்கலக் கப்பல்களை வருடவாரியாக, துறைமுகவாரியாக அட்டவணை போட்டு 1878இல் வெளியிட்டார். கப்பல் பெயர், வகை, டன் அளவு, கேப்டன், முதலாளி அல்லது முகவர், போன கடல், கிளம்பிய தேதி, திரும்பிய தேதி, கொண்டுவந்த எண்ணெய் எல்லாம் அதில் இருக்கும். 1876க்குப் பிறகான பயணங்களை ரெஜினால்ட் ஹெகார்டி தொகுத்தார். நியூ பெட்ஃபோர்டைச் சேர்ந்த டென்னிஸ் வுட் அதற்கு முன்பே, கப்பல்கள் நடமாடிக்கொண்டிருந்தபோதே, ஒவ்வொரு பயணத்துக்கும் கையால் சுருக்கம் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் குறிப்பேடுகள் நியூ பெட்ஃபோர்ட் பொது நூலகத்தில் இருக்கின்றன.

இவற்றையெல்லாம் தனித்தனியாகத் தேடி அலைய வேண்டியதில்லை. மிஸ்டிக் சீபோர்ட் அருங்காட்சியகமும் நியூ பெட்ஃபோர்ட் திமிங்கல அருங்காட்சியகமும் சேர்ந்து ‘வேலிங் ஹிஸ்டரி’ என்ற இணையதளத்தை நடத்துகின்றன. அமெரிக்கப் பயணங்கள் பதினைந்தாயிரத்துக்கு மேல் அதில் உண்டு. காசு கேட்பதில்லை. கேப்டன் பெயரைக் கொடுத்தால் அவருடைய பயணங்கள் வரிசையாக வந்து நிற்கும். ஒவ்வொரு பயணத்துக்கும் ‘ஏவி’ என்று தொடங்கும் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணை உங்கள் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் குழப்பம் வரும்போது “நான் சொல்வது இந்தப் பயணத்தை” என்று சுட்ட அது உதவும்.

இந்தப் பட்டியல் உங்களுக்குக் கிடைத்த எலும்புக்கூடு, அவ்வளவுதான். அதில் வராத விஷயங்கள் நிறைய. ஒருவர் கேப்டன் ஆவதற்கு முன் சாதாரண மாலுமியாக, ஈட்டி எறிபவராக, மேட்டாக (கேப்டனுக்கு அடுத்த அதிகாரியாக) பத்துப் பதினைந்து வருடம் கடலில் இருந்திருப்பார். அட்டவணையில் கேப்டன் பெயர் மட்டுமே வருவதால் அந்த வருடங்கள் வெற்றிடமாகத் தெரியும். போலார்ட் எசெக்ஸிலேயே, கேப்டன் டேனியல் ரஸ்ஸலின் கீழ் மேட்டாக இருந்தவர். ரஸ்ஸல் வேறு கப்பலுக்குப் போனதும் இவருக்குக் கேப்டன் பதவி கிடைத்தது. எசெக்ஸின் முதல் மேட்டாக இருந்த ஓவன் சேஸ் பிழைத்து வந்தபின் மறுபடியும் மேட்டாகத்தான் புளோரிடா என்ற கப்பலில் போனார். பிறகுதான் வின்ஸ்லோ கப்பலின் கேப்டனாகப் பட்டியலில் தலைகாட்டுகிறார்.

அந்த வெற்றிடத்தை நிரப்ப மாலுமிப் பட்டியல்களைப் பாருங்கள். 1803ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளிநாடு போகும் கப்பல் தன் ஆட்களின் பட்டியலைச் சுங்க அலுவலகத்தில் கொடுக்கவேண்டும். பிறந்த ஊர், வசிக்கும் ஊர், வயது, உயரம், நிறம், தலைமுடி வரை எழுதியிருப்பார்கள். ஒரே பெயருள்ள இருவரைப் பிரிக்க இந்த உயரமும் முடி நிறமும் சில சமயம் கோர்ட் சாட்சி போல வந்து நிற்கும். நியூ பெட்ஃபோர்ட் பட்டியல்கள் மேலே சொன்ன தளத்திலேயே தேடும்படி இருக்கின்றன.

பிரதி எடுத்தவர் சாட்சி ஆகமாட்டார்

நான்கு நூல்கள், இரண்டு இணையதளங்கள், ஒரு குடும்ப வரலாறு எல்லாம் ஒரே தேதியைச் சொன்னால் மனம் சமாதானமாகிவிடும். கொஞ்சம் பொறுங்கள். ஏழும் ஸ்டார்பக்கைப் பார்த்து எழுதியவை என்றால் உங்களிடம் இருப்பது ஏழு சாட்சி இல்லை, ஒன்றுதான். அவரே பழைய செய்தித்தாள்களிலிருந்தும் குறிப்பேடுகளிலிருந்தும் எடுத்தவர். அச்சுக் கோத்தவர் 3ஐ 8 ஆக்கியிருந்தால் அந்த 8 இன்றுவரை நடமாடிக்கொண்டிருக்கும்.

ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. பிழைகளைக் கவனியுங்கள். இரண்டு நூல்களில் ஒரே விசித்திரமான எழுத்துப் பிழை அல்லது ஒரே அபத்தமான தேதி வந்தால் ஒன்று மற்றொன்றைப் பார்த்து எழுதியது. இரண்டையும் ஒரே சாட்சியாக எண்ணுங்கள்.

எந்தக் கப்பல் என்பதை உறுதி செய்யுங்கள்

ஆள் பெயரைவிடக் கப்பல் பெயர் மோசம். எசெக்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். போலார்டின் எசெக்ஸ் 1799இல் கட்டப்பட்ட 238 டன் திமிங்கலக் கப்பல். அதே 1799இல் சேலம் ஊரில் அமெரிக்கக் கடற்படைக்கு எசெக்ஸ் என்ற போர்க்கப்பல் கட்டப்பட்டது. அந்தப் போர்க்கப்பல் 1813இல் பசிபிக்குக்கு வந்து பிரிட்டிஷ் திமிங்கலக் கப்பல்களைப் பிடித்தது. அதே கடல், அதே தொழில், அதே பெயர், கட்டிய வருடமும் அதே. செய்தித்தாளில் ‘எசெக்ஸ்’ என்று தேடினால் இரண்டும் கலந்துதான் வரும்.

இன்டஸ்ட்ரி என்ற பெயரும் அப்படித்தான். கறுப்பினக் கேப்டன் அப்சலம் பாஸ்டன் முழுக்கக் கறுப்பின மாலுமிகளோடு 1822இல் நான்டக்கெட்டிலிருந்து கொண்டுபோனது ஓர் இன்டஸ்ட்ரி. வெஸ்ட்போர்ட் ஊரில் 1815இல் கட்டி, 1836இல் மெக்சிகோ வளைகுடாவில் மூழ்கிப்போனது இன்னோர் இன்டஸ்ட்ரி. அந்த இரண்டாவது கப்பலின் ஆட்கள் என்ன ஆனார்கள் என்பது நீண்ட காலம் தெரியாமல் இருந்தது. 1836ஆம் வருட நான்டக்கெட் செய்தித்தாளில் கிடந்த ஒரு சின்னக் குறிப்புதான் அவர்களை வேறொரு திமிங்கலக் கப்பல் ஏற்றிக்கொண்டதைக் காட்டிக்கொடுத்தது. பெரிய அட்டவணைகளோடு நிறுத்திக்கொள்ளாமல் செய்தித்தாளின் மூலைவரை போகவேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே போதும்.

கப்பலைப் பிரிக்க நான்கு விஷயங்களைப் பாருங்கள்: கட்டிய வருடம், கட்டிய ஊர், பாய்மர அமைப்பு, டன் அளவு. கடைசி இரண்டும் ஒரே கப்பலிலேயே மாறலாம் என்பதையும் மறக்காதீர்கள். மிஸ்டிக் அருங்காட்சியகத்தில் இன்றும் மிதக்கும் சார்லஸ் டபிள்யூ. மோர்கன் என்ற திமிங்கலக் கப்பல் 1841இல் 351 டன். பிற்காலப் பதிவில் அதே கப்பல் 314 டன்தான். கப்பல் சுருங்கவில்லை, 1864ஆம் ஆண்டுச் சட்டம் டன் அளக்கும் முறையை மாற்றிவிட்டது.

தேதிகள்: பொறுமை வேண்டிய இடம்

புதியவர்கள் அதிகம் சிக்குவது இங்கேதான். ஒரு பதிவு 10ஆம் தேதி கிளம்பியது என்கிறது, இன்னொன்று 12 என்கிறது, மூன்றாவது 26 என்கிறது. மூன்றுமே உண்மையாக இருக்கலாம்.

சுங்க அலுவலகத்தில் தாள் வாங்கிய நாள் ஒன்று. துறைமுகத்தை விட்டு நகர்ந்த நாள் வேறு. காற்றுக்காக வெளியே நங்கூரம் போட்டுக் கிடந்து, உண்மையில் கடலுக்குள் போன நாள் இன்னும் வேறு. நான்டக்கெட்டில் இது மேலும் சிக்கல். அந்தத் துறைமுக வாயிலில் ஒரு மணல்திட்டு குறுக்கே கிடந்தது. சரக்கு ஏற்றிய பெரிய கப்பல் அதைத் தாண்டமுடியாது. காலியாக வெளியே வந்து, மணல்திட்டுக்கு அப்பால் நின்று, தோணிகளில் சாமான் வரவழைத்து ஏற்றிக்கொள்ளும். பல கப்பல்கள் பக்கத்துத் தீவில் உள்ள எட்கர்டவுனுக்குப் போய் அங்கே தயாராயின. ஆகவே நான்டக்கெட் கப்பல் எட்கர்டவுனிலிருந்து கிளம்பியதாகச் செய்தி வந்தால் தவறு என்று அடித்துவிடாதீர்கள். 1842இல் ‘ஒட்டகம்’ என்று பெயரிட்ட மிதவைகள் வந்து கப்பல்களைத் தூக்கி மணல்திட்டைத் தாண்டவைத்தன. அதன்பின் இந்தக் குழப்பம் கொஞ்சம் குறைகிறது.

அடுத்தது கடல் நாள். கப்பலின் அன்றாட நடப்பை எழுதும் லாக் புத்தகத்தில் நாள் நள்ளிரவில் தொடங்காது, நண்பகலில் தொடங்கும். அதுவும் நிலத்தின் கணக்குக்கு அரை நாள் முன்பாகவே. லாக்கில் 20ஆம் தேதி என்று எழுதியிருப்பது நிலத்துக் கணக்கில் 19ஆம் தேதி நண்பகல் முதல் 20ஆம் தேதி நண்பகல்வரை. பதிவு மூன்று துண்டாக இருக்கும்: முதல் பகுதி, நடுப் பகுதி, கடைப் பகுதி. முதல் பகுதியில் திமிங்கலம் பிடித்ததாக 20ஆம் தேதியின் கீழ் எழுதியிருந்தால் நம் காலண்டரில் அது 19ஆம் தேதி மாலை. பிரிட்டிஷ் கடற்படை 1805இலும் அமெரிக்கக் கடற்படை 1848இலும் இந்த முறையைக் கைவிட்டன. வேட்டைக் கப்பல்களோ தங்கள் இஷ்டப்படி நடந்துகொண்டன. எந்த லாக் எந்த முறையில் எழுதப்பட்டது என்று தெரிய, கப்பல் துறைமுகத்தில் நின்ற நாட்களைப் பாருங்கள். அந்த ஊர்ச் செய்தித்தாளின் தேதியோடு ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும்.

பசிபிக்கில் தேதியே ஒரு நாள் மாறும். தென் அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள கேப் ஹார்ன் முனையைச் சுற்றி வந்த அமெரிக்கக் கப்பல்கள் வீட்டுத் தேதியையே வைத்திருந்தன. ஹவாயில் அமெரிக்க மிஷனரிகள் இருந்ததால் அங்கும் அமெரிக்கத் தேதி. ஆனால் டஹிட்டி, சொசைட்டி தீவுகள் பக்கம் இருந்த லண்டன் மிஷனரிகள் மறுபக்கமாக வந்தவர்கள், அவர்கள் தேதி ஒரு நாள் முன்னே ஓடியது. மிஷனரி நாட்குறிப்பும் கப்பல் லாக்கும் சரியாக ஒரு நாள் வேறுபட்டால் யாரும் பொய் சொல்லவில்லை.

செய்தித்தாளில் இரண்டு சுருக்கெழுத்துகள் அடிக்கடி வரும். ‘இன்ஸ்ட்.’ என்றால் இந்த மாதம், ‘அல்ட்.’ என்றால் போன மாதம். செய்தித்தாளின் தேதியை வைத்துத்தான் எந்த மாதம் என்று கணக்கிடவேண்டும். இதில் ஒரு பொறி இருக்கிறது. பாஸ்டன் பத்திரிகை ஒன்றில் வந்ததை வேறோர் ஊர்ப் பத்திரிகை அடுத்த மாதம் அப்படியே எடுத்துப் போட்டிருந்தால் ‘இந்த மாதம்’ என்பதும் அப்படியே வந்து ஒரு மாதம் தள்ளிப்போகும். எப்போதும் முதலில் அச்சான பத்திரிகையைத் தேடிப் பிடியுங்கள்.

நான்டக்கெட்டில் அப்போது குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் அதிகம். அவர்கள் மாதங்களுக்குப் பெயர் சொல்லாமல் எண் சொல்வார்கள். 1752க்குப் பிறகு ஐந்தாம் மாதம் என்றால் மே. அதற்கு முன் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் வருடம் மார்ச்சில் தொடங்கியதால் ஐந்தாம் மாதம் ஜூலை. தாத்தா காலத்துக்குப் போனால் இது தேவைப்படும்.

இத்தனைக்கும் ஒரே மருந்து: பதிவில் உள்ள தேதியை ஒருபோதும் திருத்தி எழுதாதீர்கள். எழுதியது எழுதியபடி ஒரு கட்டத்தில், நீங்கள் புரிந்துகொண்ட தேதி பக்கத்துக் கட்டத்தில்.

லாக் புத்தகத்தை வாசிக்கும்போது

நியூ பெட்ஃபோர்ட் அருங்காட்சியகம், பிராவிடன்ஸ் பொது நூலகத்தின் நிக்கல்சன் தொகுப்பு ஆகியவற்றின் லாக் புத்தகங்கள் ஏராளமாக இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணைய நூலகத்தில் படமாகக் கிடக்கின்றன. உட்கார்ந்த இடத்திலிருந்தே புரட்டலாம். லாக்கை எழுதுவது வழக்கமாக முதல் மேட்தான், கேப்டன் இல்லை. கேப்டனைப் பற்றி நல்லதோ கெட்டதோ வந்தால் அவருக்குக் கீழே வேலை செய்தவர் சொன்னது என்பதை மனதில் வையுங்கள்.

ஓரத்தில் திமிங்கல முத்திரைகள் குத்தியிருக்கும். முழு உருவம் இருந்தால் பிடித்தது, அதன் நடுவே எத்தனை பீப்பாய் எண்ணெய் என்று எண் இருக்கும். வால் மட்டும் இருந்தால் ஈட்டி பட்டும் தப்பிவிட்டது. முதலில் முத்திரைகளையும் துறைமுகப் பெயர்களையும் மட்டும் பார்த்துக்கொண்டு ஓடுங்கள், காற்றுத் திசையையெல்லாம் பிறகு படிக்கலாம். கையெழுத்து பழகச் சில நாள் ஆகும். எஃப் போலத் தெரிகிற எழுத்து சில இடங்களில் பழைய நீண்ட எஸ் ஆக இருக்கும்.

வழியில் எதிர்ப்பட்ட கப்பலோடு பேசியதையும் லாக்கில் எழுதுவார்கள்: எந்தக் கப்பல், கேப்டன் யார், எந்த ஊர், கிளம்பி எத்தனை மாதம், எத்தனை பீப்பாய். உங்கள் கேப்டனின் லாக் தொலைந்துபோயிருந்தாலும் அவரைச் சந்தித்த வேறு கப்பலின் லாக்கில் அவர் இருப்பார். என் அனுபவத்தில் நம்பத்தக்க சாட்சி இதுதான். எழுதியவருக்கு இந்த ஆளைப் பற்றி எந்த அக்கறையும் இல்லை, பார்த்ததை அன்றே எழுதினார்.

இதே சந்திப்புகள் ஊருக்குத் திரும்பிய கப்பல்கள் வழியாகச் செய்தித்தாளுக்கும் போயின. நியூ பெட்ஃபோர்டில் 1843 முதல் 1914 வரை ‘வேல்மென்ஸ் ஷிப்பிங் லிஸ்ட்’ என்ற வாரப் பத்திரிகை இதற்கென்றே வந்தது. ஹொனலுலுவில் 1843இல் தொடங்கிய ‘தி ஃபிரெண்ட்’ இதழ் வந்துபோன கப்பல்களைப் பட்டியலிட்டது. ஆஸ்திரேலியப் பத்திரிகைகளுக்கு ‘டிரோவ்’, நியூசிலாந்துப் பத்திரிகைகளுக்கு ‘பேப்பர்ஸ் பாஸ்ட்’ என்று இலவசத் தளங்கள் இருக்கின்றன. சிட்னிக்கோ பே ஆஃப் ஐலண்ட்ஸுக்கோ தண்ணீர் பிடிக்க வந்த கப்பல் அங்கே சிக்கும்.

இடங்களும் மாறும்

எசெக்ஸ் படகுகள் வழியில் ஒரு சிறு தீவில் ஒதுங்கின. மூன்று பேர் அங்கேயே தங்கிவிட்டார்கள். அது டூசி தீவு என்று எல்லோரும் நம்பினார்கள், ஓவன் சேஸ் 1821இல் வெளியிட்ட நூலிலும் அப்படித்தான் இருக்கிறது. உண்மையில் அது ஹெண்டர்சன் தீவு. அந்த மூவரை மீட்கப் போன சர்ரி என்ற கப்பல் முதலில் டூசிக்குப் போய் ஆளைக் காணாமல், பிறகு ஹெண்டர்சனில் கண்டுபிடித்தது.

அந்தக் காலத்தில் அட்சரேகையைச் சூரியனை வைத்து ஓரளவு துல்லியமாகச் சொல்லிவிடுவார்கள். தீர்க்கரேகைக்கு நல்ல கடிகாரம் வேண்டும், பல வேட்டைக் கப்பல்களில் அது கிடையாது. வேகத்தையும் திசையையும் வைத்துக் குத்துமதிப்பாகப் போட்டதுதான். இரண்டு பதிவுகள் வடக்கு தெற்கில் ஒத்துப்போய்க் கிழக்கு மேற்கில் விலகினால் அதே இடமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. வடக்கு தெற்கிலேயே பல டிகிரி விலகினால் வேறு சம்பவமோ என்று சந்தேகப்படுங்கள்.

ஒரே சம்பவம், மூன்று வாய்கள்

எசெக்ஸ் பற்றிப் பிழைத்தவர்கள் சொன்ன கதைகள் ஒன்றுக்கொன்று இடிக்கின்றன. சேஸின் நூல் ஊர் திரும்பிய சில மாதங்களில் அச்சானது. கப்பல் கிளம்பியபோது பதினான்கு வயதுப் பையனாக இருந்த தாமஸ் நிக்கர்சன் தன் கதையை 1876இல், கிழவரானபின் எழுதினார். அந்தக் கையெழுத்துப் பிரதி 1960இல் கண்டெடுக்கப்பட்டு, 1980இல் அவருடையதுதான் என்று உறுதியாகி, 1984இல் நான்டக்கெட் வரலாற்றுச் சங்கத்தால் வெளியிடப்பட்டது. போலார்ட் தன் கதையை 1823இல் ராயாட்டியா தீவில் லண்டன் மிஷனரி சங்கத்தின் பிரதிநிதிகளான டயர்மன், பென்னட் இருவரிடமும் சொன்னார். அவர்களுடைய பயணக் குறிப்பில் அது 1831இல் அச்சானது. அதாவது போலார்டின் வாக்குமூலம் வேறொருவர் காதில் விழுந்து எழுதப்பட்டது.

எந்தப் பக்கம் படகை விடுவது என்ற முடிவைச் சேஸ் எல்லோரும் சேர்ந்து எடுத்ததாகக் காட்டுகிறார். நிக்கர்சன் சொல்வது வேறு: போலார்ட் சொசைட்டி தீவுகளுக்குப் போகலாம் என்றார், மேட்கள் இருவரும் மறுத்தார்கள், அவர் விட்டுக்கொடுத்தார். யாரை நம்புவது? முந்தி எழுதியவர் சேஸ்தான், ஆனால் அந்த முடிவால் பலர் செத்தார்கள், அதில் தன் பங்கைப் பெரிதாகக் காட்ட அவருக்கு ஒரு காரணமும் இல்லை. பிந்தி எழுதியவர் நிக்கர்சன், ஆனால் மறைக்க அவரிடம் ஒன்றும் இல்லை. நாள், தூரம், மீதியிருந்த ரொட்டியின் அளவு போன்றவற்றில் சேஸ் பக்கமும், யார் யாரிடம் என்ன சொன்னார் என்பதில் நிக்கர்சன் பக்கமும் நான் சாய்வேன். ஒரு சாட்சியை முழுசாக நம்பவும் வேண்டாம், முழுசாகத் தள்ளவும் வேண்டாம். ஒவ்வொரு தகவலுக்கும் தனித்தனியாக மதிப்பிடுங்கள்.

நடுவழியில் மாறிய கேப்டன்கள், இடிக்கும் பீப்பாய்கள்

கேப்டன் நோய்ப்பட்டு இறங்கிவிடுவார், இறந்துபோவார், முதல் மேட் கப்பலை ஏற்றுக்கொள்வார். கிளம்பும்போது எடுத்த பட்டியலில் ஒரு பெயர், திரும்பும்போது வந்த செய்தியில் வேறு பெயர். துறைமுகத்தில் இருந்த அமெரிக்கத் தூதரின் தாள்களில் இந்த மாற்றம் பதிவாகியிருக்க வாய்ப்புண்டு. கப்பல் பதிவுச் சான்றில் உள்ள கேப்டன் பெயரை மட்டும் நம்பாதீர்கள், சான்று எழுதிய நாளில் இருந்த பெயர் அது.

இதற்கு நேர்மாறான தப்பும் நடக்கும். 1821 ஆகஸ்டில் போலார்ட் ஊருக்கு வந்து சேர்ந்தது டூ பிரதர்ஸ் கப்பலில்தான், ஆனால் மீட்கப்பட்ட பயணியாக. அப்போது அதன் கேப்டன் ஜார்ஜ் வொர்த். அதே வருடம் நவம்பரில் அதே கப்பலில் போலார்ட் கேப்டனாகக் கிளம்பினார். அவசரமாகப் படிப்பவர் முந்தைய பயணத்தையும் போலார்ட் கணக்கில் எழுதிவிடுவார்.

எண்ணெய் அளவு இடித்தால் அதிகம் கவலைப்படாதீர்கள். நடுவழியில் வேறு கப்பலில் ஊருக்கு அனுப்பிய எண்ணெயை ஒருவர் சேர்த்திருப்பார், ஒருவர் விட்டிருப்பார். ஸ்பெர்ம் எண்ணெயும் மற்றத் திமிங்கல எண்ணெயும் தனித்தனி என்பதை மட்டும் கவனியுங்கள்.

கரைக்கு வந்தபின்

டூ பிரதர்ஸ் உடைந்தபின் போலார்ட் வேட்டைக் கப்பல் பட்டியலிலிருந்து மறைந்துவிடுகிறார். அதற்காகக் கடலை விட்டார் என்று எழுதிவிடக்கூடாது. ஒரு வணிகக் கப்பலில் போய்வந்தார், திமிங்கலப் பட்டியலில் வணிகப் பயணம் வராது. பிறகு நான்டக்கெட்டில் இரவுக் காவலராக இருந்து 1870 ஜனவரி 7 அன்று இறந்தார்.

கரை வாழ்க்கைக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு உதவும். 1850இல்தான் வீட்டில் உள்ள ஒவ்வொருவர் பெயரையும் எழுதத் தொடங்கினார்கள், அதற்கு முன் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான். அவர் கடலில் இருக்கும்போதும் வீட்டில் இருப்பதாக எழுதியிருக்கலாம், ஆகவே கணக்கெடுப்பு அவர் அன்று ஊரில் இருந்ததற்குச் சாட்சி ஆகாது. பிறப்பு, திருமணத்துக்கு மாசசூசெட்ஸ் ஊர்ப் பதிவுத் தொகுதிகளும், எலைசா ஸ்டார்பக் பார்னி என்ற அம்மையார் தொகுத்த நான்டக்கெட் குடும்பப் பதிவும் இருக்கின்றன. பின்னது நான்டக்கெட் வரலாற்றுச் சங்கத்தின் தளத்தில் தேடக் கிடைக்கிறது. 1846 ஜூலையில் தீவின் ஊர் பெரும் தீயில் எரிந்ததையும் நினைவில் வையுங்கள், அதற்கு முந்தைய தாள் ஒன்று இல்லையென்றால் அது அந்தத் தீயிலேயே போயிருக்கலாம்.

மண்ணுக்கடியிலும் நீருக்கடியிலும் கிடப்பவையும் பதிவுதான். டூ பிரதர்ஸின் நங்கூரமும் எண்ணெய் காய்ச்சிய கொப்பரைகளும் 2008இல் கடலடியில் கண்டெடுக்கப்பட்டு, 2011இல் அந்தக் கப்பலுடையவைதான் என்று அறிவிக்கப்பட்டன. ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டாகத் தாளில் மட்டும் இருந்த ஓர் இடம் அப்படி உறுதியானது.

எழுதி வைக்கும் முறை

ஒரு விரிதாள் போதும். ஒரு வரிக்கு ஒரு தகவல். பதிவில் உள்ள சொற்கள், பதிவில் உள்ள தேதி, நீங்கள் கொள்ளும் தேதி, எந்தப் பதிவு, எழுதியவர், எழுதிய காலம், அவர் நேரில் கண்டவரா கேட்டவரா பிரதி எடுத்தவரா. பிறகு தேதி வரிசையில் அடுக்குங்கள். நடக்கவே முடியாதவை தானாகக் கண்ணில் படும். எசெக்ஸ் ஆகஸ்டில் கிளம்பி, ஜனவரியில்தான் சிலி கரைக்குப் போய்ச் சேர்ந்தது, ஐந்து மாதம். மே மாதம் நான்டக்கெட்டில் சொத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட ஒருவர் ஜூனில் பெரு கரையில் திமிங்கலம் பிடித்திருக்க முடியாது. அது இரண்டு ஆள், அல்லது பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது அதிகாரம் பெற்ற மனைவியோ தம்பியோ.

எல்லாம் பார்த்த பிறகும் சில முரண்பாடுகள் நிற்கும். அப்போது இரண்டையும் எழுதுங்கள்: “அட்டவணையில் 12, செய்தித்தாளில் 26. முன்னது துறைமுகம் விட்ட நாளாகவும் பின்னது கடலுக்குள் போன நாளாகவும் இருக்கலாம்.” உங்கள் ஊகம் எது, பதிவு சொல்வது எது என்று படிப்பவருக்குத் தெரியவேண்டும். நடுவில் ஒரு தேதியாகப் பார்த்து 19 என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், அப்படிப் போட்டவர்களும் உண்டு.